பெட்டிக்குள் ஒரு டீச்சர்

கரும்பலகையில் யாரோ எழுதியிருந்தார்கள். யாரோ என்ன, நவமணியேதான், சற்று முன்னால், இதே கையால் எழுதினாள். சாக்பீஸ் பொடி இன்னும் அவள் விரல் ரேகைகளில் படிந்திருந்தது. எழுதும்போது கை தயங்கவில்லை. கொம்பைப் போட்டது, எழுத்தின் உடலை அதன் பக்கத்தில் நிறுத்தியது, புள்ளி வைத்தது, அடுத்த சொல்லுக்கு நகர்ந்தது. ஒரு வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகிய கை, அதற்கு யாருடைய துணையும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது அந்த வெள்ளைக் கோடுகள் அவளை முன்பின் அறியாதவை போல நின்றன. மங்கவில்லை, ஆடவில்லை, ஒவ்வொரு வளைவையும் பார்க்க முடிந்தது, இது சுழி, இது கோடு, இந்தக் கோடு முறிந்து கீழே இறங்குகிறது என்று சொல்லவும் முடிந்தது. சொல் மட்டும் வரவில்லை. துக்க வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெண்களைப் போல எழுத்துகள் அத்தனையும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. காலையில் செய்தித்தாளை விரித்தபோதே இது தொடங்கிவிட்டது. பேப்பர்காரன் வேறு ஏதோ மாநிலத்துப் பத்திரிகையைப் போட்டுவிட்டுப் போய்விட்டான் என்றுதான் முதலில் நினைத்தாள், கோபம்கூட வந்தது, பிறகு அந்தப் பக்கத்தில் நம் ஊர் நகைக்கடைக்காரரின் சிரித்த முகத்தைப் பார்த்ததும் கோபம் போய்க் குளிர் வந்தது. பழைய கண்ணாடியை எடுத்து மாட்டினாள். முகத்தைக் கழுவினாள். அலமாரியிலிருந்து வேதாகமத்தை எடுத்து, மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதத்தின் பக்கத்தைப் பிரித்தாள். நெஞ்சில் இருந்த வரி நெஞ்சில் இருந்தது, தாளில் இருந்த வரி அதைக் கேட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தது. வலப்பக்கம் வைத்திருந்த காபித் தம்ளர் எப்படித் தட்டுப்பட்டு விழுந்தது என்று தெரியவில்லை. குளியலறைக் கதவின் நிலை வலது தோளில் இடித்தது, அது எப்போதும் அங்கேதான் இருக்கிறது, இன்றைக்குத்தான் அது அங்கே இல்லாதது போல இருந்து பிறகு திடீரென்று இருந்தது. பித்தம், என்று சொல்லிக்கொண்டாள். வெயில். சரியான தூக்கமில்லை. சொல்லிக்கொண்டே இருக்கும்போது, அவள் கூப்பிடாமலேயே, பெரியண்ணன் தேவசகாயம் வந்து மனத்துக்குள் நின்றான். சர்ச்சில் ஊருக்கே விருந்து வைக்கும் அசனப் பண்டிகையன்று காலையில் அவனுக்கு விரல் மரத்திருக்கிறது. விருந்து கெட்டுவிடும் என்று மனைவியிடம்கூடச் சொல்லாமல் சிரித்துச் சிரித்துப் பரிமாறியிருக்கிறான். மறுநாள் கோயில் வாசலில் விழுந்தான். அதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை, சாகும்வரை கண்ணால் மட்டும் பேசினான். அன்றே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான் என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னவள் நவமணிதான். இது என்ன என்று அவளுக்குத் தெரியும். மூளைக்குள் எங்கோ ஒரு சிறிய ரத்த ஓடை அடைத்துக்கொண்டது; இப்போது எழுத்து போயிருக்கிறது; பேசாமல் உட்கார்ந்திருந்தால் நாளைக்கு நாக்கு போகலாம், கை போகலாம், உயிரும் போகலாம். தெரிந்திருந்தும் அவள் சேலையை மாற்றிக்கொண்டு, அச்சகத்து மாடியில் தான் பாடம் நடத்தும் அறைக்குப் படியேறி வந்து, பாடத்துக்குப் பலகையைத் தயார் செய்தாள். அறிவது வேறு, அறிந்ததற்குக் கீழ்ப்படிவது வேறு. இரண்டுக்கும் நடுவே உள்ள இடத்தில்தான் மனிதர்களில் பெரும்பாலோர் குடியிருக்கிறார்கள், வாடகை என்னவென்று கேட்காமலே.

கீழே அச்சகத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சிவகாசியில் இயந்திரச் சத்தமில்லாத மாடி கிடைக்காது. மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை இல்லாத சன்னலும் கிடைக்காது. அந்தச் சத்தத்தை அவள் பல ஆண்டுகளாகக் கேட்டதே இல்லை, காது அதைத் தள்ளி வைத்திருந்தது. இன்று அது தனக்கென்று ஒரு கணக்கோடு, ஒவ்வொரு அடிக்கும் ஒரு தாளைத் தின்று துப்புவது போலக் கேட்டது. சன்னல் வழியாகப் பார்த்தாள். எதிர்ச் சுவரில் சுவரொட்டிகள். தள்ளுவண்டியில் கழிவுத் தாள்கள், பட்டாசுப் பெட்டி லேபிள்கள், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தடவை அச்சடித்து வீணான காலண்டர் படங்கள், அவற்றில் தெய்வத்துக்கு நான்கு கண்கள். காற்றில் ஒரு தாள் எழும்பி, சன்னல் உயரத்துக்கு வந்து, அவள் முகத்துக்கு நேராக ஒரு கணம் நின்று, பார்த்துவிட்டு இறங்கியது. தெரு முழுக்க எழுத்து. ஓடினாலும் எழுத்துக்குள்தான் ஓட வேண்டிய ஊர் இது. இத்தனை காலமும் அவள் அவற்றைப் பார்த்தாள் என்றல்லவா நினைத்திருந்தாள்? ஒருவேளை அவைதான் அவளைப் பார்க்க விட்டுக்கொண்டிருந்தனவோ. இன்றைக்கு இவள் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டனவோ. வாசிக்கத் தெரிந்தவர்களே, இதை வாசிக்கிற உங்களைத்தான் சொல்கிறேன்: ஒரு சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் அது வாயைத் திறந்து பேசுவதை உங்கள் உரிமை என்று எண்ணாதீர்கள். அது விருந்தாளி. எழுந்து போகும்போது சொல்லிக்கொண்டு போகாது.

படியில் வளையல் சத்தம் கேட்டது. தங்கபுஷ்பம் வருகிறாள். காலண்டர்களுக்குத் தகரம் அடித்துக் கட்டும் பட்டறையின் முதலாளியம்மாள், நாற்பதைக் கடந்தவள், கழுத்திலும் கையிலும் பொன், வாயில் எந்நேரமும் கேலி, எழுத்தை மட்டும் பள்ளிக்கூடத்தில் யாராலும் அவளுக்குள் ஏற்ற முடியவில்லை. மக்கு என்று பெஞ்சு மேல் நிறுத்தினார்கள், அவள் இறங்கி வீட்டுக்குப் போனவள்தான். வாசிக்கத் தெரியாது என்பது கட்டியவனுக்கும் தெரியாது. டீச்சரிடம் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொள்கிறேன், மகன் அமெரிக்காவில் பெண் பார்த்திருக்கிறான், சம்பந்தியோடு நாலு வார்த்தை பேச வேண்டாமா என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். அதனால் அவள் படியேறும் நாட்களிலெல்லாம் கீழே இயந்திரம் ஓட்டும் கருத்தப்பாண்டி விடமாட்டான். இன்றும் கேட்டது: "அக்கா, வாட் இஸ் யுவர் நேம்?" "ஒன் பொண்டாட்டிகிட்டப் போய்க் கேளுலே, அவதான் எனக்குப் பேரு வச்சா." சிரிப்பு. சிரிப்போடு உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்ன டீச்சர், மூஞ்சி பூரா வேர்த்துருக்கு, காத்தாடியப் போடக் கூடாதா?" என்றாள். போடலாம், என்றாள் நவமணி. சுவரில் இருந்த பொத்தானைத் தேடிக் கை வலப்பக்கம் போயிற்று. வலப்பக்கத்தில் சுவர் இருந்த இடத்தில் எதுவுமே இல்லாதிருந்தது, இருட்டுகூட இல்லை, வெறுமனே இல்லாமை. தலையைத் திருப்பிய பிறகுதான் சுவர் வந்து சேர்ந்தது. தங்கபுஷ்பம் அதைப் பார்த்தாளா? பார்த்திருக்க மாட்டாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாடத்தின் வரிசை இருக்கிறது, என்று நவமணி நினைத்துக்கொண்டாள், வரிசை என்னைத் தாங்கும். இந்தப் பாட முறையின் பலமே அதுதான். நவமணியிடம் வருகிறவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். கண்ணால் மட்டும் எழுத்தைப் பிடித்து வைக்க முடியாதவர்கள். ஆகவே கண், காது, வாய், கை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தின் மேல் அமர்த்த வேண்டும்: பார்க்க வேண்டும், ஒலிக்க வேண்டும், ஒலித்ததைக் கேட்க வேண்டும், விரலால் தடவ வேண்டும். ஒன்று மறந்ததை மற்றொன்று எடுத்துக் கொடுக்கும். முதலில் அட்டைகள், பிறகு மணல் தட்டு, கடைசியில் வாசிப்புத் தாள். படத்தைப் பார்த்து ஊகிக்கக் கூடாது. நினைவிலிருந்து ஒப்பிக்கக் கூடாது. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். முதல் நாளன்று எல்லோருக்கும் அவள் ஒரு கதை சொல்வாள். ஒருவன் பரிசலில் ஓட்டை விழுந்துவிட்டது. வெளியே தெரிந்தால் கேவலம் என்று ஓட்டையின் மேலேயே உட்கார்ந்து துடுப்புப் போட்டான். ஆற்றையும் கடந்துவிட்டான், கெட்டிக்காரன்தான். ஆனால் கரையில் மனைவி மக்கள் நின்று கூப்பிடுகிறார்கள், இவனால் எழுந்திருக்க முடியவில்லை. எழுந்தால் ஓட்டை தெரிந்துவிடும். இன்னும் உட்கார்ந்திருக்கிறான். இதைச் சொல்லிவிட்டு, எழுந்து நில்லுங்கள் என்பாள் நவமணி, எழுந்து நின்று உரக்கச் சொல்லுங்கள், எனக்கு வாசிக்கத் தெரியாது என்று. பிள்ளைகள் அழுதுகொண்டே சொல்வார்கள். தங்கபுஷ்பம் சிரித்துக்கொண்டே சொன்னாள், சொல்லி முடித்துவிட்டு வெகுநேரம் மூக்கை உறிஞ்சினாள்.

நவமணி அட்டைக் கட்டை எடுத்தாள். உப்புத்தாளில் எழுத்தை வெட்டி ஒட்டிய அட்டைகள், அவளே வெட்டியவை. மேலே இருந்த அட்டையைப் பார்த்தாள். கரடுமுரடான ஒரு பழுப்புப் பூச்சி அதன்மேல் படுத்திருந்தது. எதைக் காட்டுகிறோம் என்று தெரியாமல் காட்டினால், தங்கபுஷ்பம் சொல்வது சரியா தவறா என்று எப்படிச் சொல்வது? அவளை அறியாமலே சுட்டுவிரல் அந்தப் பூச்சியின் மேல் ஊர்ந்தது, சுழித்தது, இறங்கியது, உடனே தலைக்குள் யாரோ வாய் திறந்து மெல்லச் சொன்னார்கள்: மெ. கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்திருந்தது. அவளுக்குள் இன்னொரு வாசிப்பவள் இருக்கிறாள், விரல் நுனியில் குடியிருக்கிறாள், பலகையில் எழுதிவிட்டுப் போனவளும் அவள்தான். இந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணும்போதே பிடரி சிலிர்த்தது. விரல் சொல்லச் சொல்ல அட்டைகளைத் திருப்பிக் காட்டினாள். தங்கபுஷ்பம் தடவித் தடவி ஒலித்தாள். மெ. நெ. செ. "என்ன டீச்சர், இன்னிக்கு எனக்கு முன்னாடி நீங்க தடவிக்கிறீங்க?" "தூசி இருக்கு, தொடைக்கிறேன்." பொய் எவ்வளவு லகுவாக வருகிறது, வாய்க்குள் இத்தனை நாளும் மடித்து வைத்திருந்தது போல. மணல் தட்டை நகர்த்தினாள். தங்கபுஷ்பம் மோதிரங்களைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மணலில் எழுத்தைக் கீறினாள், ஒலித்துக்கொண்டே, நாக்கைக் கடித்துக்கொண்டே. கொம்பு அவளுக்குப் பெரிய வழக்கு. தாளில் முன்னால் நின்றுகொண்டு ஒலியில் பின்னால் வருகிறதே, இது என்ன நியாயம், முன்னால நின்னா முன்னால பேசணும்ல என்று மாதக் கணக்கில் சண்டை பிடித்தவள். மணலில் ஒரு பள்ளம் வளைந்தது, நின்றது. சரி, என்றாள் நவமணி. விரல் மணலிலேயே நின்றது. "நான் இன்னும் முடிக்கலயே டீச்சர். கொம்பு மட்டுந்தான போட்டுருக்கேன்." "அதான், கொம்பு சரின்னேன்." தங்கபுஷ்பம் தலை நிமிரவில்லை, எழுத்தை முடித்தாள், மணலை உள்ளங்கையால் சமன் செய்தாள், தேவைக்கு மேல் மெதுவாகச் சமன் செய்தாள். அந்தத் தாமதத்தில் ஏதோ ஒன்று அறைக்குள் வந்து மூன்றாவது ஆளாக உட்கார்ந்துகொண்டது. இயந்திரம் கீழே ஒரு தாளைத் தின்றது. தலையின் பின்பக்கம், கழுத்து முடிகிற இடத்தில், யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள், காலையிலிருந்தே அழுத்துகிறார்கள், வலிக்கவில்லை, அழுத்துகிறார்கள், அவ்வளவுதான். தேவசகாயத்தின் கண்கள் கட்டிலிலிருந்து அவளைத் தொடர்ந்து வந்தது நினைவுக்கு வந்தது. குளுகோஸ் பாட்டிலைப் பார்க்கும், அவளைப் பார்க்கும், கதவைப் பார்க்கும். என்ன சொல்ல நினைத்தான்? என்னைப் போலச் செய்யாதே என்றா? இந்த ஒரு மணி நேரம் போகட்டும். பாடம் முடியட்டும். இவள் போகட்டும். பிறகு ஆட்டோ பிடித்துப் போகலாம். ஆஸ்பத்திரியில் ஏதாவது தாளைக் கொடுத்து வாசியுங்கள் என்றால்? நவமணி டீச்சர் வாசிக்க மாட்டேன் என்கிறாளாம் என்று நர்ஸ் பெண்ணொருத்தி, தன்னிடம் படித்தவளாகவே இருப்பாள், மற்றவளிடம் சொன்னால்? எழுத்தை எடுத்துவிட்டால் நவமணி என்ற பெயருக்கடியில் என்ன மிச்சம் இருக்கிறது, ஒரு கிழவி, ஒரு சேலை, வலப்பக்கம் இல்லாத ஓர் உடம்பு. நாளைக்குப் போகலாம். நாளைக்கு ஒருவேளை அவை திரும்பி உட்காரலாம்.

வாசிப்புத் தாள்களை அவளே எழுதி, கீழே கொடுத்து அச்சடித்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் சில வரிகள், மேலே ஒரு படம். எந்தத் தாள் இன்றைக்கு உரியது என்று பார்த்துத் தங்கபுஷ்பமே அடுக்கிலிருந்து உருவினாள். படம் தெரிந்தால் எந்தக் கதை என்று நவமணிக்குத் தெரிந்துவிடும். அவள் எழுதிய கதைதானே, முழுக்க நினைவிருக்கும். ஆனால் தாள் மேசையைத் தொட்ட அதே நொடியில் அவள் இடது கை பழக்கத்தால் பாய்ந்து படத்தின் மேல் அட்டையை வைத்து மூடிவிட்டது. ஊகிக்கக் கூடாது. அவளுடைய சட்டம் அவளையே வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியது. "வாசிங்க," என்றாள். தங்கபுஷ்பம் விரலை முதல் எழுத்தின் கீழ் வைத்தாள். "தெ, ரு, வி, ல்... தெருவில். ஒரு. பெ, ட், டி... பெட்டி." நின்றாள். மூச்சு விட்டாள். ஒரு முறை, மிக விரைவாக, கண்ணை உயர்த்தி டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி தாளுக்குப் போனாள். "பெட்டியைத் திறந்தான். பெட்டிக்குள்... ஒரு டீச்சர்." அறையின் சத்தங்கள் எல்லாம் ஓர் அடி பின்வாங்கின. "டீச்சருக்குக் கண் உண்டு. எழுத்து... தெரியாது." விரல் வரியின் கீழே ஒழுங்காக நகர்ந்தது, எழுத்துக்கு எழுத்து, கற்றுக்கொடுத்தபடியே. நவமணி தாளைப் பார்த்தாள். தாளில் கறுப்பு முதுகுகள். அப்படியா எழுதியிருக்கிறது? அவள் எழுதவில்லை. அவள் எழுதவில்லை என்று எப்படித் தெரியும்? பலகையில் எழுதியவள் யார்? விரலுக்குள் இருப்பவள், இந்தத் தாளை எழுதிய அன்றும் அவள்தான் எழுதினாளோ, இன்றைக்கு நடக்கப் போவது அவளுக்கு அன்றே தெரிந்திருந்ததோ, கீழே இயந்திரம் இதைத்தானா இத்தனை நாளும் ஆயிரம் ஆயிரமாக அச்சடித்துக்கொண்டிருக்கிறது, ஊர் முழுக்கத் தள்ளுவண்டியில் போவதெல்லாம் இதுதானோ, பெட்டிக்குள் ஒரு டீச்சர், பெட்டிக்குள் ஒரு டீச்சர், எதிர்ச் சுவரொட்டியில் இதுதான், பட்டாசுப் பெட்டியில் இதுதான், எல்லோரும் வாசித்துவிட்டார்கள், அவள் ஒருத்திதான் வாசிக்கவில்லை. இல்லை என்று சொல்ல முடியாது. இல்லை என்றால் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பாள். ஆசிரியையின் வாய் தன் கடமையைச் செய்தது. "சரி," என்றது. "சரியா வாசிச்சீங்க. அடுத்த வரி." தங்கபுஷ்பம் விரலை எடுத்துவிட்டாள். "டீச்சர்," என்றாள். கேலி இல்லாத அவள் குரலை நவமணி அதற்கு முன் கேட்டதில்லை. "இதுல அப்பிடி இல்ல டீச்சர். தெருவில் ஒரு பெட்டிக்கடைன்னு இருக்கு. மீதிய நான் விட்டு அடிச்சேன்."

நவமணிக்குக் கோபம் வந்தது, மாட்டிக்கொண்டவர்களுக்கு வரும் அந்த வெள்ளைக் கோபம். "நாலு எழுத்து கூட்டத் தெரிஞ்சதும் என்னையே சோதிக்க வந்துட்டியா நீ? பெஞ்சு மேல ஏத்தி நிறுத்துன மக்குதான நீ?" சொல்லிய சொல் மேசையின் மேல் விழுந்து கிடந்தது. அதை எடுத்து வாய்க்குள் போட்டுக்கொள்ள முடிந்தால். தங்கபுஷ்பத்தின் முகம் சிவந்து, வெளிறி, பழைய நிலைக்கு வந்தது. அவள் மோதிரங்களை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டாள். போய்விடப் போகிறாள் என்று நவமணி நினைத்தாள், போனால் நல்லது என்று நினைத்தாள், போய்விடாதே என்று நினைத்தாள். "ஆமா, மக்குதான்," என்றாள் தங்கபுஷ்பம். "அதனாலதான் கண்டுபிடிச்சேன். இத்தன வருசமா நான் செஞ்சதத்தான இன்னிக்கு நீங்க செய்றீங்க? கல்யாணப் பத்திரிக்கையக் கொண்டாந்து நீட்டுனா, தாளத் தடவிப் பாத்து, 'அடேயப்பா, நல்ல கெட்டி அட்டைல போட்ருக்கீகளே'ம்பேன். அதுக்கு மேல ஒருத்தன் கேக்க மாட்டான். பேங்குல, 'கண்ணாடிய வீட்ல வச்சிட்டேன், நீங்களே வாசிச்சிருங்க தம்பி'ம்பேன். எதுத்தாள் முகத்தப் பாத்து, அவன் தலையாட்ட முன்னாடி நான் ஆட்டிருவேன். நீங்க தாளப் பாக்கல டீச்சர். என் மூஞ்சியப் பாத்து வாசிச்சீங்க. வந்ததுலருந்து பாக்கேன், வலது பக்கம் ஒங்களுக்கு ஆளே இல்ல. எப்பருந்து இப்பிடி?" "ஒண்ணுமில்ல. கண்ணாடி." "கண்ணாடியாம்! யாருகிட்ட?" என்று தங்கபுஷ்பம் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியில் உடைந்தது. படத்தின் மேலிருந்த அட்டையை அவள் எடுக்கவில்லை. தாளைத் திருப்பி டீச்சரின் பக்கம் நகர்த்தினாள். "அப்ப வாசிங்க. படத்தப் பாக்காம."

நவமணி விரலை வைத்தாள். மொழுமொழுவென்ற அச்சுத் தாள், பிடிமானத்துக்கு உப்புத்தாளின் கரகரப்பு இல்லை. ஆனாலும் கோட்டின் ஓரத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு விரலை அதன் மேல் இழுத்தாள். சுழி, திரும்பு, மேலே போ. ஒன்றுமில்லை. மறுபடி. உள்ளேயிருந்து ஓர் ஒலி, கிணற்றின் அடியிலிருந்து வருவது போல: தெ. அடுத்தது. வியர்வை மூக்கு நுனியிலிருந்து தாளில் சொட்டியது. ரு. இத்தனை ஆண்டுகளாக இந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்து இதைச் செய்தவர்களின் கழுத்து நரம்புகள் புடைத்ததை அவள் பார்த்திருக்கிறாள், பொறுமையாகத்தான் பார்த்தாள், பொறுமையாகப் பார்ப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம். ஒரு சொல்லை முடித்து நிமிர்ந்தபோது அடுத்த சொல் அங்கேயே உட்கார்ந்திருந்தது, அதற்கு அப்பால் இன்னொன்று, அதற்கு அப்பால் தெரு, ஊர், ஊரின் அத்தனை சுவர்கள். அந்த நேரத்தில்தான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது, காலையிலிருந்து வந்ததெல்லாம் அதன் நிழல்: பெயர் போய்விடும் என்ற பயத்துக்கடியில், தேவசகாயத்தைப் போல ஒரு சொல்லும் பேச முடியாமல், சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே கிடக்கப் போகிறோம் என்ற பயம். நாக்கை வாய்க்குள் அசைத்துப் பார்த்தாள். இன்னும் இருந்தது. இருக்கும்போதே பயன்படுத்த வேண்டும். "எனக்கு வாசிக்க முடியல தங்கம்," என்றாள். "காலைலருந்து முடியல. எழுதுறேன், எழுதினது என்னன்னு தெரியல. அண்ணனுக்கு வந்ததுதான் எனக்கும் வந்துருக்கு." சொல்லி முடித்ததும் ஏதோ இறங்கியது போல் இருக்கும் என்று எல்லோருக்கும் அவள் வாக்குக் கொடுத்திருக்கிறாள். ஒன்றும் இறங்கவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் தங்கபுஷ்பம் ஏற்கெனவே எழுந்து, செல்போனில் டிரைவரைக் கூப்பிட்டு, "காரக் கொண்டா, என்னது, சாப்பிடுறியா, கையக் கழுவாம வாலே" என்று கத்திக்கொண்டே, டீச்சரின் செருப்பைக் காலருகே தள்ளினாள். "காலைலயே போயிருக்கணும். கோபம் எல்லாம் அப்புறமா படலாம். எந்திரிங்க."

படிகள் இறங்கின, அல்லது அவள் இறங்கினாள். சுவர்ப்பக்கமாகத் தங்கபுஷ்பம் பிடித்துக்கொண்டு வந்தாள். அச்சகத்தின் வழியாகத்தான் வாசலுக்குப் போக வேண்டும். கருத்தப்பாண்டியும் இரண்டு பையன்களும் இயந்திரத்தருகே நின்றார்கள். அடுக்கிவைத்த தாள்கள் இடுப்பு உயரத்துக்கு. "என்ன அக்கா, டீச்சரக் கூட்டிட்டு ஷாப்பிங்கா?" தங்கபுஷ்பத்தின் கையிறுக்கத்தில் ஒரு பொய் தயாராவதை நவமணி உணர்ந்தாள், வாழ்நாளெல்லாம் பொய்யைக் கைவசம் வைத்திருந்தவள், டீச்சரின் மானத்துக்காக இன்னொன்றை எடுக்கப் போகிறாள். எடுத்துவிட்டால் எளிது. காருக்குள் ஏறிவிடலாம், யாருக்கும் தெரியாது. நவமணி நின்றாள். "எனக்கு எழுத்து தெரியல, பாண்டி," என்றாள் இரைச்சலுக்கு மேலே. "ஆஸ்பத்திரிக்குப் போறேன்." அவன் ஒரு கணம் விழித்தான், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "டீச்சருக்கு எழுத்து தெரியலையாம்லே! அப்ப எங்களுக்கெல்லாம் என்ன தெரியும்?" பையன்களும் சிரித்தார்கள். அதில் பகை இல்லை. பிரியம்தான் இருந்தது, அதுதான் பயங்கரமாக இருந்தது. உண்மையைச் சொன்னாள், அது நகைச்சுவையாக மாறி அவளிடமே திரும்பி வந்தது. இனி எத்தனை தடவை சொன்னாலும், ஆஸ்பத்திரியில் சொன்னாலும், இப்படித்தான் சிரிப்பார்களோ, சிரித்துக்கொண்டே இருப்பார்களோ, அவள் சொல்லச் சொல்ல நாக்கும் போய்விடுமோ. மறுபடி வாயைத் திறந்தாள். முதல் எழுத்து வரவில்லை. அப்போது தங்கபுஷ்பம் அவள் கையை விட்டுவிட்டு இயந்திரத்துக்கும் அவளுக்கும் நடுவே போய் நின்றாள். "என்னலே சிரிப்பு? நெசமாத்தான் சொல்றாங்க. தாள வச்சு நான் வாசிச்சுக் காட்டுனேன், அவங்களுக்குத் தெரியல." "நீங்க வாசிச்சிங்களா? இங்கிலீஷா அக்கா?" "தமிழு. எனக்கு வாசிக்கத் தெரியாதுலே. சின்ன வயசுலருந்து தெரியாது. அவங்ககிட்ட ஆனா ஆவன்னாதான் படிக்க வாரேன், இங்கிலீஷும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. எங்க வீட்டுக்காரருகிட்டப் போயி வேணாலும் சொல்லிக்கோ. இப்ப வழிய விடு, அந்தக் கட்ட நகத்து, டீச்சருக்கு வலது பக்கம் தெரியல."

கருத்தப்பாண்டி அவளைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான். கையை நீட்டி இயந்திரத்தை அணைத்தான். பட்டப்பகலில், மின்சாரம் இருக்கும்போது, யாரும் சாகாமல், அந்தத் தெருவில் ஓர் இயந்திரம் நின்றது. பக்கத்து அச்சகத்திலிருந்து இரண்டு பேர் என்னவென்று எட்டிப் பார்த்தார்கள். பையன்கள் தாள் கட்டுகளைத் தூக்கிச் சுவரோரம் வைத்தார்கள். ஓடியாடிச் செய்தார்கள், மூச்சுச் சத்தம் கேட்டது. வாசலில் கார் வந்து நின்றது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நவமணி குனிந்து உள்ளே ஏறிக்கொண்டாள்.